காரைக்குடிப் பலகாரக் கடை ஒன்று: தேன்குழல் தேறுகிறது, மிக்சர் தேறவில்லை

முடிவை முதலில் சொல்லிவிடலாம். இந்தக் கடையில் தேன்குழலும் சீப்பு சீடையும் தயங்காமல் வாங்கலாம். வெல்லப்பாகு ஏற்றிய மனகோலத்தை நிறம் பார்த்து வாங்க வேண்டும். மிக்சரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரே முதலாளி, ஒரே பட்டறை, ஒரே கைகள்தான். இருந்தும் சரக்குக்குச் சரக்கு தரம் மாறுகிறது என்றால், எண்ணெயை எப்போது இறக்குவது, திரும்பி வந்த பொட்டலத்தை என்ன செய்வது, உறையில் எந்தத் தேதியை அடிப்பது என்று கல்லாவில் உட்கார்ந்து எடுக்கிற முடிவுகள்தான் காரணம். ஒரு பலகாரக் கடையின் நாணயம் இந்த மூன்று இடத்தில் தெரிந்துவிடும்.

கடையின் பெயரை எழுதவில்லை. இங்கே சொல்லும் குறைகள் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் என்று செட்டிநாட்டில் எந்தப் பட்டறையிலும் இருக்கக்கூடியவை. ஒரு கடையை மட்டும் பெயர் சொல்லிக் குற்றவாளி ஆக்கினால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள்.

முன்பக்கம் கண்ணாடி அலமாரி, பின்பக்கம் பட்டறை. நடுவில் கதவு கிடையாது. அடுப்படி வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிகிறது என்பதே இந்தக் கடைக்கு முதல் மதிப்பெண். இரண்டு அடுப்பு. பெரியதில் தேன்குழல், சீப்பு சீடை, கைமுறுக்கு. சிறியதில் ஓமப்பொடி, காராபூந்தி, காராச்சேவு. மிக்சருக்கு வேண்டிய எல்லாம். இந்த இரண்டு அடுப்புக்கும் நடுவில் நாலடி தூரம்தான். தரத்தில் உள்ள தூரம் அதைவிடப் பெரியது.

முதலில் எண்ணெய். வாசல் பலகையில் ‘மரச்செக்குக் கடலை எண்ணெயில் தயாரித்தது’ என்று எழுதியிருக்கிறது. பெரிய சட்டியைப் பொறுத்தவரை அது உண்மை. முதலாளி நிலக்கடலைப் பருப்பைத் தானே வாங்கிக் கொடுத்துச் செக்கில் ஆட்டி வருகிறார். இது வெறும் பெருமைக்குச் செய்கிற வேலை இல்லை. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் 2.4 கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 110 ரூபாய் விற்கிற நாளில் அதற்கு 264 ரூபாய். மிஞ்சுகிற 1.4 கிலோ பிண்ணாக்கை 40 ரூபாய் மேனிக்கு விற்றால் 56 ரூபாய் திரும்பும். நிகரம் 208. ஆட்டுகூலி, வண்டிக்கூலி சேர்த்தால் 225க்குக் குறைந்து ஒரு லிட்டர் கட்டுப்படியாகாது. அன்றைக்கு யாராவது 170 ரூபாய்க்குச் ‘சுத்தமான செக்கு எண்ணெய்’ என்று கொடுத்தால், டின்னுக்குள் வேறு எண்ணெயும் இருக்கிறது. பருப்பு விலையை மட்டும் மாற்றிப் போட்டு இந்தக் கணக்கை வீட்டுக்கு எண்ணெய் வாங்கும்போதும் போட்டுப் பார்க்கலாம்.

பருப்பைத் தானே வாங்குவதில் இன்னொரு காரியமும் இருக்கிறது. மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த பருப்பில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். ரீஃபைன் செய்த எண்ணெயில் அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கு எண்ணெயில் அப்படி நீக்குகிற கட்டம் எதுவும் இல்லை. பருப்பில் இருந்தது எண்ணெயிலும் இறங்கும். அதனால் ‘செக்கு’ என்ற சொல் மட்டுமே நல்ல எண்ணெய்க்கு உத்தரவாதம் ஆகாது. சுருங்கின பருப்பு, தோல் கறுத்த பருப்பு, முளை கட்டினது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு ஆட்டினால்தான் அந்தப் பெயருக்கு அர்த்தம். இங்கே மூட்டையைப் பிரித்து முறத்தில் கொட்டிப் புடைத்துப் பொறுக்குகிறார்கள். ஆட்டி வந்த எண்ணெயை உடனே சட்டியில் ஊற்றாமல் நாலைந்து நாள் தெளிய வைத்து, அடிவண்டலை விட்டு மேலாக வடிக்கிறார்கள். வண்டலோடு ஊற்றினால் பொங்கி நுரைக்கும், சீக்கிரம் புகையும், வண்டல் கருகிக் கசக்கும்.

இனி கல்லா கணக்கு. பொரித்த பலகாரத்தில் எடையில் 100க்கு 25 முதல் 35 பங்கு வரை எண்ணெய் நிற்கும். கிலோவுக்கு 300 மில்லி என்று வைத்துக்கொள்வோம். லிட்டர் 260 ரூபாய்ச் செக்கு எண்ணெய் என்றால் 78 ரூபாய். லிட்டர் 140 ரூபாய்ப் பாமாயில் என்றால் 42 ரூபாய். வித்தியாசம் கிலோவுக்கு 36 ரூபாய். தினம் 50 கிலோ சுடுகிற பட்டறைக்கு அது நாளொன்றுக்கு 1,800 ரூபாய்; மாதத்தில் 26 நாள் அடுப்பு எரிந்தால் 46,800 ரூபாய். ஒரு சின்னக் கடை முதலாளிக்கு இது பிள்ளையின் காலேஜ் ஃபீஸ். யாரும் பார்க்காத இடத்தில் மாதாமாதம் இந்தப் பணத்தை விட்டுக்கொடுக்கிறார் என்பதை மனதில் வைத்துத்தான் இந்தக் கடையின் தேன்குழல் விலையை எடைபோட வேண்டும். பக்கத்துக் கடையைவிடக் கிலோவுக்கு 60 ரூபாய் கூடுதல். கொடுக்கலாம்.

ஆனால் வாசல் பலகை சின்ன அடுப்புக்குப் பொருந்தாது. ‘அண்ணே, மிக்சர் எந்த எண்ணெய்?’ என்று கேட்டால், ‘எல்லாம் கடலை எண்ணெய்தாண்ணே, போர்டு பாருங்க’ என்று கல்லாப் பையன் சொல்கிறான். பொட்டலத்தைத் திருப்பினால் பின்னால் பொடி எழுத்தில் ‘பாமோலின் எண்ணெய்’ என்று அச்சாகியிருக்கிறது. உறையில் உண்மை, பலகையில் பாதி உண்மை, வாயில் பொய். பாமாயில் விஷம் கிடையாது. சூடு தாங்குவதில் அது கடலை எண்ணெய்க்குக் குறைந்ததும் இல்லை. அதனால்தான் பெரிய கம்பெனிகள் அதை விரும்புகின்றன. நிறைகொழுப்பு அதிகம், வாயின் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டும், கடலை வாசம் இருக்காது, அவ்வளவுதான். பாமாயில் மிக்சரைப் பாமாயில் மிக்சர் என்று சொல்லி அந்த விலைக்கு விற்றால் ஒரு குற்றமும் இல்லை. பலகையில் ‘தேன்குழல், சீடை, முறுக்கு மட்டும்’ என்று நாலு சொல் சேர்த்தால் போதும். பெயிண்டருக்கு அரை மணி நேர வேலை.

எண்ணெய் எது என்பதைவிட, அது எத்தனை நாள் பழையது என்பது பெரிய கேள்வி. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. சூடாக்கச் சூடாக்க எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள், தொழிலில் டி.பி.சி. என்று சொல்வது, 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் பொரிக்கக் கூடாது. வடிகட்டினால் தூள் போகும், டி.பி.சி. போகாது. புது எண்ணெய் கலந்தால் சதவீதம் சற்று இறங்கும். ஆனால் பழையது புதியதையும் சீக்கிரம் கெடுக்கும். மாவுத்தூள், உப்பு, ஈரம், செம்பு பித்தளைப் பாத்திரம், இடைவேளையில் அணைக்காமல் விட்ட அடுப்பு, எல்லாம் அந்தக் கெடுதலை வேகப்படுத்தும். நல்ல பட்டறையில் ஜல்லிக்கரண்டி எவர்சில்வராக இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

பெரிய சட்டி இதில் தப்பிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அது 15 லிட்டர் சட்டி. தினம் 50 கிலோ சுட்டால் 15 லிட்டர் எண்ணெய் பலகாரத்தோடு போய்விடுகிறது. அந்த அளவுக்குப் புது எண்ணெய் ஊற்றியே ஆக வேண்டும். அதாவது ஒரே நாளில் சட்டி கொள்ளும் அளவுக்குப் புது எண்ணெய் சேர்ந்துவிடுகிறது. சின்ன சட்டி 12 லிட்டர். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்குப் பத்துக் கிலோதான் சுடுகிறார்கள். ஒரு நாளைக்கு 3 லிட்டர் போகும், 3 லிட்டர் சேரும்; மீதி ஒன்பது லிட்டர் அடுத்த முறைக்கும் அதே எண்ணெய். பத்து நாளைக்கு முந்தின எண்ணெயில் பூந்தி விழுகிறது. கூட்டம் அள்ளுகிற கடையில் எண்ணெய் நன்றாக இருப்பதும், ஈ ஓட்டுகிற கடையில் கறுத்திருப்பதும் பல நேரம் இந்தக் கணக்கால்தான். முதலாளியின் குணத்தால் மட்டும் அல்ல. தீர்வு கடினம் இல்லை. 12 லிட்டர் சட்டிக்குப் பதில் 5 லிட்டர் சட்டி வைத்தால், ஒரு நாள் வேலையிலேயே பாதிக்கு மேல் மாறிவிடும்; மிச்சத்தை அன்றே கழித்துவிடலாம்.

கழித்த எண்ணெய் எங்கே போகிறது? இந்த இடத்தில்தான் கடை மேல் உண்மையான மரியாதை வருகிறது. கறுத்த எண்ணெயைச் சாலையோர பஜ்ஜிக் கடையும் பரோட்டாக் கடையும் நல்ல விலைக்கு, ரொக்கமாக, வாசலிலேயே வந்து வாங்கிக்கொள்ளும். பயோடீசலுக்கு எடுக்கிற அங்கீகாரம் பெற்ற ஏஜெண்ட் அதைவிடக் குறைவாகக் கொடுப்பார், வாரம் ஒருமுறைதான் வருவார், அதுவரை டின்னில் சேர்த்து வைக்க வேண்டும். தினம் 50 லிட்டருக்கு மேல் பொரிக்கிற நிறுவனங்கள் கழித்த எண்ணெய்க்குக் கணக்கு வைத்து, அங்கீகாரம் பெற்றவரிடமே கொடுக்க வேண்டும் என்பது 2019 மார்ச் 1 முதல் விதி. இந்தப் பட்டறை அந்த அளவைத் தொடுவதில்லை; நோட்டு எழுதக் கட்டாயமும் இல்லை. ஆனாலும் அடுப்புக்கு மேலே ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. தேதி, ஊற்றினது, இறக்கினது, எடுத்துப் போனவர் கையெழுத்து என்று நாலு கட்டம். எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டுதான் கடையின் நல்ல சர்ட்டிஃபிகேட். தன் கடையில் கழித்ததை ஏழைகள் சாப்பிடும் கடைக்கு விற்காமல் இருப்பதைச் சட்டம் கேட்காமலே செய்கிறார்கள்.

இப்போது தேன்குழல். பச்சரிசி நாலு படிக்கு உளுந்து ஒரு படி. அரிசியைக் களைந்து ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் லேசாக ஈரம் ஒட்டும் பதத்தில் அரைக்கிறார்கள். உளுந்தை வாசம் வரும் வரை மட்டும் வறுக்கிறார்கள்; சிவக்க விடுவதில்லை. வெண்ணெய், சீரகம், உப்புத் தண்ணீர். ஒரு தடவைக்கு இரண்டு ஈடு மாவுதான் பிசைகிறார்கள். மொத்தமாகப் பிசைந்து வைத்தால் பின்னால் விழுகிற ஈடுகள் சிவந்து, எண்ணெய் குடிக்கும். எண்ணெய் மிதமான சூட்டில், ஒரு சொட்டு மாவைப் போட்டால் உடனே மேலே வர வேண்டும். நிறம் மாறக் கூடாது. பிழிந்ததும் வருகிற நுரையும் சலசலப்பும் அடங்கினால் உள்ளே இருந்த ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்கு முன் எடுத்தால் இன்றைக்கு மொறுமொறுப்பாக இருக்கும், மூன்றாம் நாள் நமத்துப் போகும்.

இவர்களுடைய தேன்குழல் பால் வெள்ளை. ஒடித்தால் ‘நொறுக்’ என்று ஒரே சத்தம், உள்ளே குழல் திறந்திருக்கிறது. ஒடித்த இடத்தை மூக்கருகே கொண்டுபோனால் வெண்ணெயும் சீரகமும் மட்டும் வாசம். சிக்கு வாடை வந்தால் எண்ணெய் பழசு. கல் மாதிரி கடித்தால் உளுந்தும் வெண்ணெயும் குறைவு. கையில் எண்ணெய் வழிந்தால் சூடு போதவில்லை அல்லது உளுந்து கூடிவிட்டது. மூன்றும் இங்கே இல்லை.

சீப்பு சீடையில் இன்னும் ஒரு படி மேலே. தண்ணீர் ஊற்றாமல் தேங்காய்ப்பாலிலேயே பிசைகிறார்கள். அதனால் நிறம் தேன்குழலைவிடச் சற்று மங்கல், ஒடித்தால் இனிப்பாக ஒரு வாசம். வரி வரியான பட்டையாகப் பிழிந்து, துண்டு போட்டு, விரலில் சுற்றி ஓரம் ஒட்டுகிற வேலை மெஷினுக்கு இன்னும் சரியாக வரவில்லை. ஒட்டு சரியாக விழாவிட்டால் சட்டியில் பிரிந்து பட்டையாகிவிடும். அரைக் கிலோவில் பிரிந்தது இரண்டு மூன்றுதான் இருந்தன. தேங்காய்ப்பால் சேர்த்த மாவு வெயில் நாளில் சில மணி நேரத்தில் புளிக்கும். அதனால் சீடை காலையில் மட்டும்தான் சுடுகிறார்கள். மத்தியானம் போய்ச் சூடாகக் கேட்காதீர்கள்.

சூடு ஆறுவதற்கு மூங்கில் தட்டில் பரப்புவது சரி. சூட்டோடு உறையில் போட்டால் வேர்த்து நமத்துவிடும். ஆனால் தட்டில் விரிப்பது பழைய செய்தித்தாள். வெள்ளைத் தேன்குழல் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், அடிவளையத்தில் மங்கலாக மூன்று எழுத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி ஒட்டியிருக்கிறது. சூடான எண்ணெய் அச்சு மையைக் கரைத்துக்கொண்டு வரும். செய்தித்தாளில் உணவைப் பொதிவதும் வைப்பதும் 2019 ஜூலை 1 முதல் விதிப்படி கூடாது. இவ்வளவு பார்த்துப் பார்த்து எண்ணெய் வாங்குகிறவர்கள், கடைசி அரை மணி நேரத்தில் அதன் மேல் மையைத் தடவுகிறார்கள் என்பது மனதைக் கஷ்டப்படுத்துகிறது. எவர்சில்வர் கம்பி வலைத் தட்டு, கீழே எண்ணெய் சொட்ட ஒரு தாம்பாளம். இதுதான் நிரந்தரமான வழி. அதுவரை அச்சடிக்காத வெள்ளைத் தாள். இதை வாங்குகிறவர்களும் கேட்க வேண்டும். வாசலில் நின்று ‘செய்தித்தாள் வேண்டாம்’ என்று நாலு பேர் சொன்னால் அடுத்த வாரம் தாள் மாறும்.

உறையும் தேதியும் சேர்ந்து அடுத்த குறை. கடையில் அள்ளிக் கொடுக்கும் உதிரிச் சரக்கு அன்றாடம் சுட்டது. பஸ் ஸ்டாண்டுக் கடைகளுக்கும் வெளியூருக்கும் போகிற 200 கிராம் பொட்டலத்தில் மட்டும் ‘பேக் செய்த தேதி’ இருக்கிறது. சுட்ட தேதி இல்லை. பெரிய டின்னில் எட்டு நாள் இருந்த சரக்கைப் பொட்டலம் போட்டாலும் வயது அன்றுதான் தொடங்குகிறது. பேக்கிங் தேதி போடுவதே தப்பு என்று சொல்லவில்லை. அதற்கு விதியில் இடம் இருக்கிறது. ஆனால் எண்ணெய் சிக்குப் பிடிப்பது சட்டியிலிருந்து எடுத்த நிமிஷத்திலிருந்து. அது உறையின் தேதியைப் பார்த்து நடக்காது.

அதோடு உறையில் 60 நாள் ஆயுள். ஐ.என்.எஸ். 319 என்கிற டி.பி.எச்.க்யூ. போன்ற சிக்குத் தடுப்பான் எதுவும் இவர்கள் சேர்ப்பதில்லை. அது அனுமதிக்கப்பட்ட சேர்மம்தான். ஒரு கிலோ எண்ணெய்க்கு 200 மில்லிகிராம் வரை போடலாம். போடாமல் விட்டது இவர்கள் விருப்பம், பாராட்டலாம். ஆனால் அதைப் போடாமல், நைட்ரஜனும் அடைக்காமல், வெளிச்சம் புகும் வெற்றுப் பிளாஸ்டிக் உறையில், காரைக்குடி வெயிலில் தொங்குகிற கடலை எண்ணெய்ப் பலகாரம் 60 நாள் நிற்காது. 25 நாளைக்கு மேல் காறல் தட்டத் தொடங்கும். 60 என்று போட்டதற்குக் காரணம் சரக்கு எடுக்கிற வெளிக் கடைக்காரர்கள்: ‘ஒரு மாசந்தானா? அப்ப வேணாம், திருப்பு சரக்கு நிறைய வரும்’ என்று பஸ் ஸ்டாண்டில் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். மருந்து சேர்க்காத பெருமை வேண்டும், மருந்து சேர்த்ததுபோல் நாளும் வேண்டும் என்றால் இடையில் ஏமாறுவது மதுரைக்கோ சென்னைக்கோ எடுத்துப் போகிறவர். இதில் இரண்டு நேர்மையான வழி இருக்கிறது. ஒன்று, 25 நாள் போட்டு, குறைவாக, அடிக்கடி அனுப்புவது. மற்றது, தூரத்துக்குப் போவதை மட்டும் அலுமினியப் பூச்சு உறையில் நைட்ரஜன் நிரப்பி அடைப்பது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பார்சல் கேட்கிற வாடிக்கையாளர் அந்த உறைக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயாராகவே இருப்பார்.

சரி, திருப்பு சரக்கு, அதாவது விற்காமல் திரும்பி வருகிற பொட்டலங்கள். இந்தக் கட்டுரையில் மிக்சர் தேறாமல் போனது இதனால்தான். பட்டறை மூலையில் ஒரு 15 கிலோ தகர டின். காலையில் சுடும்போது ஒடிந்த தேன்குழல் துண்டுகள் அதில் விழுகின்றன. அன்றைக்கு ஒடிந்ததை அன்றைக்கே மிக்சரில் சேர்ப்பது தொழிலில் காலகாலமாக இருக்கிற வழக்கம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை, நல்ல சரக்கு வீணாகக் கூடாது. ஆனால் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிய பொட்டலங்களைக் கத்தரித்து, அதே டின்னில் கொட்டுகிறார்கள். அப்புறம் எது இன்று ஒடிந்தது, எது இரண்டு மாதம் தொங்கினது என்று யாராலும் பிரிக்க முடியாது. மிளகாய்த்தூளும் பெருங்காயமும் வறுத்த கறிவேப்பிலையும் பூண்டும் சிக்கு வாடையை மறைத்துவிடும். மிக்சர் என்ற சரக்கின் ஆபத்தே அதுதான்: வாசனை பலமாக இருப்பதால் பழசு தெரியாது. வாங்கி வந்த மிக்சரில் வெள்ளைத் துண்டுகளை மட்டும் பொறுக்கி, தூளை ஊதிவிட்டு, தனியாக மென்று பாருங்கள். நாக்கின் பின்பக்கம் காறினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. இங்கே காறியது.

இதைத் திருத்த எவ்வளவு செலவு ஆகும்? வாரம் 40 கிலோ பொட்டலம் வெளியே போகிறது, மூன்று கிலோ திரும்புகிறது என்று வைத்தால், சரக்குச் செலவு கிலோ 160 மேனிக்கு 480 ரூபாய். எண்ணெயில் மாதம் 46,800 ரூபாயை விட்டுக்கொடுக்கிற முதலாளி, வாரம் 480 ரூபாய்க்காகத் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். அவர் பேராசைக்காரர் இல்லை. சாப்பாட்டைக் குப்பையில் கொட்ட மனம் வராத தலைமுறை. அந்த மனம் நல்ல மனம். ஆனால் சிக்குப் பிடித்த பலகாரம் சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. டின்னை இரண்டாக்கி, திருப்பு டின்னுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, எண்ணெய் நோட்டில் ஐந்தாவது கட்டம் போட்டுத் திரும்பினதை நிறுத்து எழுதினால் போதும். எந்தக் கடை அதிகம் திருப்புகிறது என்று தெரிந்தால் அங்கே சரக்கைக் குறைக்கலாம், நஷ்டமும் குறையும்.

மனகோலத்துக்கு வருவோம். உளுந்தும் பாசிப்பருப்பும் சேர்ந்த மாவைக் குழலாகப் பொரித்து ஒடித்து, பொட்டுக்கடலை, நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல், ஏலம், சுக்கு சேர்த்து வெல்லப்பாகு ஏற்றுவது. பாகு தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வர வேண்டும். அதற்கு முன் இறக்கினால் இரண்டு நாளில் கசிந்து ஒட்டிக்கொள்ளும். தாண்டினால் பல் போகும். இங்கே பதம் பிசகவில்லை. தேங்காயும் சரியாகச் சிவந்திருக்கிறது. வறுபடாத தேங்காய்தான் மனகோலத்தில் முதலில் கெடும்.

ஆனால் நிறம் பொன் மஞ்சள். கரும்புப்பாகு பெரும்பாலும் தானாக அந்த நிறத்துக்கு வருவதில்லை. ஆலையில் சோடியம் ஹைட்ரோ சல்பைட், சந்தையில் ‘ஹைட்ரோஸ்’ என்பது, போட்டு வெளுத்து இந்தப் பளபளப்பைக் கொண்டுவருவது வழக்கம். கறுத்த வெல்லத்தில் செய்ததையும் வைத்திருக்கிறார்கள், அலமாரியின் கீழ்த்தட்டில். ‘கறுப்பா இருக்கு, பழசான்னு கேக்குறாங்க’ என்பது அவர்கள் வருத்தம். இந்தத் தப்பில் பாதி வாங்குகிறவர்களுடையது. கீழ்த்தட்டில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வாசமும் அதில்தான் இருக்கிறது. அதிரசத்துக்கும் இதே பேச்சு. இனிப்பு வகைகளை உதிரியாக விற்கும்போது எந்தத் தேதி வரை சாப்பிடலாம் என்று தட்டுக்கு முன்னால் எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் உள்ள விதி. அந்த அட்டை இங்கே இல்லை. ஒரு சாக்பீஸ் பலகை போதும்.

வேலை செய்கிற அக்காமார் பற்றியும் சொல்ல வேண்டும்; சரக்கின் தரத்தோடு அதற்கு நேரடியான சம்பந்தம் உண்டு. பல பட்டறைகளில் பொரித்த சரக்கை நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. எடைக்குக் கூலி கொடுத்தால், ஈரம் போவதற்கு முன் எடுக்கிற கைக்கு எடை கூடும். ஒரே ஈட்டில் சட்டியை நிறைத்தால் வேகம் கூடும். சட்டி நிறைந்தால் சூடு இறங்கும், பலகாரம் எண்ணெய் குடிக்கும், அதுவும் எடைதான். அந்த அம்மாக்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை, கூலி முறை அப்படிச் செய்ய வைக்கிறது. இந்தக் கடையில் நாள் கூலி. ஒருவர் பிழிய, ஒருவர் திருப்பி எடுக்க, ஒரு மணிக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்கிறார்கள். உச்சி வெயிலில் பன்னிரண்டு முதல் மூன்று வரை அடுப்பு அணைந்திருக்கிறது. அடுப்புக்கு மேலே புகைபோக்கி சிறியது. அதைப் பெரிதாக்க வேண்டும்.

பொட்டலத்தில் ‘செட்டிநாட்டு ஆச்சிமார் கைப்பக்குவம்’ என்று அச்சடித்திருக்கிறது. ஆச்சிமார் என்றால் நகரத்தார் வீட்டுப் பெண்கள். இங்கே சுடுகிறவர்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண்கள். ஒரு காலத்தில் நகரத்தாரின் பெரிய வளவு வீடுகளில் கல்யாணப் பலகாரம் சுட்டுப் பழகின குடும்பங்களின் கைத்திறன் இது. ‘ஆச்சிமார் கைப்பக்குவம்’ என்பதற்குப் பதில் ‘கையால் பிழிந்தது’ என்று போட்டால் உண்மையும் ஆகும், விற்கவும் செய்யும். மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ‘செட்டிநாடு’ என்று அச்சடித்த உறையை வாங்குகிறவருக்கு அந்த மாதிரிப் பிடிமானம் எதுவும் இல்லை. பின்பக்கம் தயாரித்த முகவரியைத்தான் பார்க்க வேண்டும். பதினாலு இலக்க உரிம எண், தயாரித்தவர் முகவரி, சேர்மானப் பட்டியல் மூன்றும் இருக்க வேண்டும். பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். தேன்குழல் உறையில் அரிசி மாவுக்கு முன்னால் மைதா இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். இந்தக் கடை உறையில் மூன்றும் சரியாக இருக்கின்றன.

தீபாவளிக்கு இவர்கள் ஆர்டர் எடுப்பதைப் பத்து நாள் முன்பே நிறுத்திவிடுகிறார்கள். வெளிப் பட்டறையில் வாங்கித் தன் உறையில் போட்டு விற்பது அந்தச் சமயத்தில் ஊரில் சாதாரணம். இங்கே அது இல்லை. அதனால் பண்டிகைக்கு வேண்டுமென்றால் மூன்று வாரம் முன்பே சொல்லிவையுங்கள். பிள்ளையார் நோன்பு சமயத்திலும் அப்படித்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு: காலை பத்து மணிக்கு மேல் போனால் சீடை ஆறித் தயாராக இருக்கும். பொட்டலம் எடுக்காமல் உதிரியாக நிறுக்கச் சொல்லுங்கள், ‘எப்பச் சுட்டதுண்ணே?’ என்று கேளுங்கள், அந்தக் கேள்விக்கு இவர்கள் ஒளிக்காமல் பதில் சொல்கிறார்கள். சொந்த டப்பா கொண்டுபோனால் சந்தோஷமாக அதிலேயே போட்டுத் தருகிறார்கள். வீட்டில் எவர்சில்வர் தூக்கில், மூடி இறுக்கி, அடுப்புப் பக்கம் இல்லாமல் வையுங்கள். ஈரக்கை படக் கூடாது. தினச் செலவுக்கு ஒரு சின்ன டப்பாவில் தனியாக எடுத்துக்கொண்டால் பெரிய தூக்கு அடிக்கடி திறக்காது. தேன்குழல் 20 நாள், சீப்பு சீடை 15 நாள், மனகோலம் ஒரு மாதம். மிக்சருக்கு அந்த மூலை டின் இரண்டாகட்டும்.